உருளாத சுருட்டுகள்

பெரியப்பாவின் பெட்டியை அவள் தொடுவதற்கு முன்பே தாள்காரர் தன் பங்குக் கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டார்.

தாள்காரர் என்பது அந்த ஏல நிறுவனத்தில் அவருக்கு வழங்கிய பட்டப்பெயர். கியூபாவிலிருந்து எப்போதோ கப்பலேறி வந்த பழைய சுருட்டுப் பெட்டிகளில் ஒட்டிய தாள், அச்சிட்ட படம், பச்சை முத்திரை, அடிப்பலகையில் சூடு போட்ட எழுத்து, ஆணியின் தலை என்று பெட்டியைச் சேர்ந்ததெல்லாம் அவர் பார்வைக்குப் போகும். உள்ளே படுத்திருக்கும் சுருட்டுகள் அவள் பார்வைக்கு. இரண்டு பேரும் கையெழுத்திட்டால்தான் அசல் என்ற சான்றிதழ் வெளியே போகும். அவளுக்கும் அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. பூனை. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது என்று யாரோ வைத்தது. வேதியியல் படித்தவள். பாடம் நடத்தவோ மருந்து விற்கவோ போனால் வாயைத் திறக்க வேண்டியிருக்கும் என்று பயந்து, ஜன்னல் இல்லாத இந்த அறையில் வந்து ஒதுங்கிக்கொண்டவள்.

“உங்க பெரியப்பா பெட்டி என்னைவிட யோக்கியம், பூனை,” என்றார் தாள்காரர். “ஒரு ஆணிகூடப் பொய் சொல்லல. நீயும் பாத்துட்டு ஒரு கிறுக்கல் போடு. மனுஷன் திறப்பு விழாவுக்குச் சட்டை தைக்கக் கொடுத்துட்டாராம்.”

சட்டை விஷயம் அவளுக்குத் தெரியும். குடும்பம் முழுக்கத் தெரியும். சேகரிப்பாளர் சங்கம் நிரந்தரக் காட்சிக்கூடம் ஒன்றைத் திறக்கிறது. அதன் நடுவில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் வைக்க ஒரே ஒரு முழுப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். முழுப் பெட்டி என்றால், ஆலையில் முதல் நாள் அடுக்கிய அதே இருபத்தைந்து சுருட்டுகள், அதே வரிசையில், ஒன்றுகூடக் குறையாமல், மாறாமல். பெரியப்பாவின் பெட்டி அப்படிப்பட்டது என்று சான்றிதழ் கிடைத்தால் அது அங்கே போகும். கீழே சின்ன அட்டையில் அவர் பெயர் இருக்கும். லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். மணமான புதிதில், ஓட்டிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளை விற்று, இறந்துபோன ஒரு கப்பல் தலைவரின் சாமான்களோடு ஏலத்துக்கு வந்த இந்தப் பெட்டியை வாங்கினார். புகை அவருக்கு ஆகாது. அடுப்பில் எண்ணெய் காய்ந்தாலே வாசலுக்குப் போய் இருமுவார். பிடிக்காத மனுஷனுக்கு எதுக்குச் சுருட்டு என்று சொந்தபந்தம் கேட்காத நாளில்லை. அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அந்த அட்டை ஒன்றுதான் அவர்கள் எல்லோருக்கும் அவர் வைத்திருந்த பதில்.

உறவுக்காரர் பொருளை நான் பார்க்கலாமா என்று அவள் மேலாளரிடம் கேட்டுப் பார்த்தாள். சுருட்டுப் பக்கத்துக்கு உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்.

கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த அறையின் ஈரம் கூடாமல் குறையாமல் ஒரு இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அதன் ரீங்காரத்தைக் கொஞ்ச நேரம் கேட்டால் அது கேட்காமல் போய்விடும். பழுத்த பழத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அவள் மூடியைத் திறந்தாள். உட்புறத்தில் ஒரு படம். துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு பெண் நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். பொன் ரேகைகள் மேடாக எழும்பி நிற்பதால், கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று விரலுக்குத் தெரியும்.

பிறகு வாசனை வந்தது. முதலில் தேவதாரு மரம். அப்புறம் வெயிலில் காய்ந்த வைக்கோல். அதற்கும் அடியில், பெயர் வைக்க முடியாத ஏதோ ஒன்று, மழைக்கு முன் தோல் பையைத் திறந்தது போல. அவள் அதைத் தேடிக்கொண்டு போவாள். ஒவ்வொரு பெட்டியிலும் போவாள். போகிற வழியில் அந்தச் சுருட்டு ஆலையின் அறை ஒன்று அவள் மனக்கண்ணில் தெரியும். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். அதன் கீழே நிறம் பிரிப்பவர். அவர் முன்னால் மலைபோலச் சுருட்டுகள். நமக்கெல்லாம் பழுப்பு என்ற ஒரே சொல். அவருக்கு அதில் அறுபது, எழுபது. ஒவ்வொன்றாக எடுத்து, எந்தப் பக்கம் அழகோ அந்த முகம் மேலே தெரிய, அடர்ந்தது இடது ஓரத்தில், வெளிறியது வலது ஓரத்தில், நடுவில் ஒரு படிகூடத் தாண்டாமல் அடுக்குவார். காகிதப் பட்டை சுற்றுகிறவள் அவற்றை வெளியே எடுத்துப் பட்டை போட்டு, அதே முகம், அதே இடம் என்று திருப்பி வைப்பாள். மூடி விழும். அதற்குப் பிறகு அவற்றுக்கு வெளிச்சம் இல்லை. பக்கத்தில் இருப்பதன் தோளில் சாய்ந்து, அதன் பாரத்தைத் தான் வாங்கி, தன் பாரத்தை அதற்குக் கொடுத்து, வருஷக்கணக்கில் கிடந்து, உருண்டையாக வந்தவை மெல்ல மெல்லச் சதுரமாகிவிடும். செங்கல் மாதிரி. பழைய பெட்டிச் சுருட்டை மேஜையில் வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும்.

அதனால்தான் அந்தத் தவறு நடந்தது. இந்தத் தொழிலில் ஊறியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. வேறு யாராக இருந்தாலும் உருளும் பொருளைப் பள்ளம் போட்ட தட்டில்தான் வைப்பார்கள். நிறுவனத்திலும் அதுதான் விதி. பள்ளத் தட்டு அடுத்த அறையில் இருந்தது. போய்க் கேட்டால் இரண்டு வார்த்தை பேச வேண்டும். பழசுதானே, எங்கே உருளப் போகிறது என்று, கம்பளித் துணி விரித்த தட்டையான தட்டிலேயே மேலடுக்கை எடுத்து வைத்தாள். பதின்மூன்று. வரிசை பிசகாமல்.

நிறம் பார்த்தாள். இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டினால் எங்கும் தட்டவில்லை. சாயங்காலம் மங்குவது போல ஒரே சீராக இறங்கியது. வண்டு துளைத்த ஓட்டை இல்லை. பூஞ்சை இல்லை. ஒன்றை எடுத்து மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடினாள். வடக்கு ஜன்னல் வந்தது. அவள் முழங்கை நகர்ந்தது அவளுக்குத் தெரியவில்லை.

தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது.

சத்தம் மிகச் சின்னது. காய்ந்த இலைமேல் யாரோ நடந்த மாதிரி. கண்ணைத் திறந்தபோது, தட்டிலிருந்ததில் பாதி அசையாமல் கிடந்தது. மீதி உருண்டிருந்தது. ஒன்று அவள் மடியில். இரண்டு தட்டின் விளிம்பில் முட்டிக்கொண்டு. ஒன்று நாலைந்து சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. ஒன்று இரண்டு சுற்று. இன்னொன்று உருள மனமில்லாமல் ஒரே ஒரு தடவை புரண்டு, குப்புறப் படுத்துக்கொண்டது.

முதலில் அவளுக்குப் பதறியது வரிசை கலைந்ததற்காக. அப்புறம்தான் வேறொன்று உறைத்தது. இவை உருண்டிருக்கக் கூடாது.

புற ஊதா விளக்கைப் போட்டு, அறை விளக்கை அணைத்தாள். தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனம் இந்தப் பெட்டியின் காலத்துக்குப் பிறகு வந்தது. அது கலந்த தாள் அந்த ஒளியில் நீலமாக மின்னும். பெட்டியின் தாள்களைத் தாள்காரர் பார்த்துவிட்டார். பட்டைகள் சுருட்டோடு சேர்ந்தவை, அவள் பங்கு. இருட்டில் ஆறு நீல மோதிரங்கள் மிதந்தன. உருண்ட ஆறும்தான். தண்ணீருக்கடியில் பார்ப்பது போல இருந்தது. இவ்வளவு அழகாக ஒரு கெட்ட செய்தி வரும் என்று அவள் நினைத்ததில்லை.

ஏலத்தில் வாங்கும்போதே ஏமாந்துவிட்டாரா? அப்படியென்றால் ஆறும் ஒரே அளவு சதுரமாகியிருக்க வேண்டும். இவை அப்படி இல்லை. மடியில் விழுந்தது இன்னும் முழு உருண்டை, போன வருஷம் வைத்ததாக இருக்கலாம். ஒரே தடவை புரண்டதற்கு மூன்று பக்கம் தட்டையாகிவிட்டது, அது வந்து இருபது வருஷமாவது இருக்கும். யாரோ அவசரமில்லாமல், வருஷங்களை இடைவெளி விட்டு, ஒன்றை எடுத்து இன்னொன்றை வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். பெட்டி இருந்தது பெரியப்பா வீட்டு அலமாரியில். பிள்ளைகள் எப்போதோ வெளியே போய்விட்டார்கள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவருக்குப் புகை ஆகாது.

இன்னொருவர், பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் பெரியம்மா. சுவரிலிருந்து பெயர்த்த நகமளவு சில்லைக் கொண்டுவந்து கொடுத்தாலும், அதே நிறத்தை வாளி வாளியாகக் கலந்து கொடுப்பார். ஆறு அந்நியச் சுருட்டுகளை நிறம் பிரிப்பவரின் வரிசைக்குள் நுழைத்து, ஒரு படிகூடத் தட்டாமல் பார்த்துக்கொள்ள வேறு யாரால் முடியும்?

அன்று மாலை அவள் போனபோது பெரியப்பா தையற்கடைக்குப் போயிருந்தார். பெரியம்மா மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போது நாலு வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தாள். மாடிப்படி முடிவதற்குள் நாலும் போய்விட்டன. விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவரும் மடித்தார்கள்.

“தெரிஞ்சுபோச்சா?” என்றார் பெரியம்மா.

தலையாட்டினாள்.

“எத்தனை?”

“ஆறு, பெரியம்மா.”

பெரியம்மா விரிப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யோசித்தார். “ஆறுதானா? நல்லாப் பாத்தியாடி? ஏழு.”

முதலில் எடுத்தது கோபத்தில் என்றார் பெரியம்மா. அந்த மோட்டார் சைக்கிளில்தான் காலையில் அவரைக் கடையில் இறக்கிவிட்டுப் பெரியப்பா வேலைக்குப் போவாராம். பெட்டி வந்தபிறகு நடைதான். ஒருநாள் பெரியம்மா மழையில் நனைந்துகொண்டு வந்து, அலமாரியைத் திறந்து, இதற்காகத்தானே என்று ஒன்றை எடுத்து, இதே மாடியில் வைத்துப் பற்றவைத்தார். பெட்டியோடு தனியாக ஒரு பழைய சுருட்டும் வந்திருந்தது, எண்ணிக்கையில் சேராமல். அதை அந்த இடத்தில் வைத்தார். அதற்கப்புறம் வைத்ததெல்லாம், விருந்தாளிகளுக்கென்று பெரியப்பா அதே ஆலையின் சில்லறைச் சுருட்டுகளை வாங்கிப் போட்டிருந்த இழுப்பறையிலிருந்து. விருந்தாளிகள் யாரும் பிடிக்கிறவர்களாக வாய்க்கவில்லை.

“ரெண்டாவது தடவை கோவமே இல்லடி. கோவம் வரட்டும்னு காத்திருந்து பாத்தேன். வரல. சும்மாவே எடுத்தேன்.”

“அந்தச் சில்லறையையே பிடிச்சிருக்கலாமே, பெரியம்மா.”

“பிடிச்சுப் பாத்தேனே. அது வெறும் புகை.” பெரியம்மா கொடியைப் பார்த்துக்கொண்டு பேசினார். “இது வேற. வாயில வச்சா வீடு மறந்துடும். கடை மறந்துடும். யாரோ நம்மள ஒரு படகுல ஏத்தி, துடுப்பு போடாமலே கூட்டிட்டுப் போற மாதிரி. மூணு நாலு வருஷத்துக்கு ஒண்ணு. பேராசைப்படல. மேலடுக்கு மட்டும்தான் தொட்டேன். வண்டியில எனக்கும் பாதி இருந்துச்சுல்ல, அந்தக் கணக்கு. கீழடுக்கு அவருது.”

பெரியப்பாவுக்கு வாசனை தெரிந்ததில்லையா என்று கேட்டாள்.

“தெரியாம என்ன? வந்ததும் மூக்கை உறிஞ்சுட்டு, பெட்டி இன்னைக்கு நல்லா மணக்குதேன்னு சந்தோஷப்படுவார்.”

சிரிக்கக் கூடாத நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெரியம்மாவுக்கும் வந்தது. அது அடங்கியதும், சட்டையின் நினைவு இருவருக்கும் ஒன்றாக வந்திருக்க வேண்டும். பெரியம்மா கிளிப்புகளை டப்பாவில் போட ஆரம்பித்தார். அந்த அட்டைக்காக அவர் எத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு பேச்சு வாங்கினார் என்று எனக்குத் தெரியும் என்றார். நீ பொய்க் கையெழுத்துப் போட வேண்டாம். அதே நேரம் நீயாக அவரிடம் சொல்லவும் வேண்டாம். நாளைக்கு நானும் கூட வருகிறேன் என்று முடித்தார்.

மறுநாள் காலை பெரியப்பா புதுச் சட்டையில் வந்தார். காலர் கொஞ்சம் விறைப்பாக இருந்ததால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினார். தாள்காரர் அவரிடம் பெட்டியைப் புகழ்ந்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் தேநீர் குடிக்கப் போவதாகச் சொல்லி நழுவினார்.

பரிசோதனை அறையில் மூன்று பேர் நின்றாலே நெருக்கம். பெரியப்பா மேஜைமுன் உட்கார்ந்தார். பெரியம்மா கதவோரம் நின்றார். வாயால் சொல்ல வராது என்று அவளுக்குத் தெரியும். அதனால் வேறொன்று செய்தாள். மேலடுக்கை எடுத்து, அதே தட்டையான தட்டில், ஒன்றுக்கொன்று விரற்கடை இடம் விட்டு வரிசையாக வைத்தாள். பெரியப்பா ஒவ்வொன்றையும், உறங்கும் குழந்தைகளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தட்டின் ஒரு ஓரத்தை மெல்லத் தூக்கினாள்.

ஏழு கிடந்தன. ஆறு உருண்டன.

பெரியப்பாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வாழ்நாளெல்லாம் இதைப் பற்றியே படித்தவர். உருண்டவை நிற்கும்வரை பார்த்தார். பிறகு காலரின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

“யாரு?” என்றார், யாரையும் பார்க்காமல்.

“நான்தான்,” என்றார் பெரியம்மா. “ஆறு இல்ல, ஏழு. இதுவும்.”

மேஜைக்கு வந்து, அசையாமல் கிடந்த ஏழில் ஒன்றன்மேல் விரலை வைத்தார். இடமிருந்து நான்காவது. அவள் அதை எடுத்துப் புற ஊதா விளக்கில் காட்டினாள். மின்னவில்லை. நாலு பக்கமும் அளந்தாள். பக்கத்துச் சுருட்டின் பள்ளம் இதன் விலாவில் அப்படியே இருந்தது. அதன் இடத்தில் வைத்தால் பூட்டில் சாவி போல உட்கார்ந்தது. எந்த ஊர்ப் பரிசோதகர் வந்தாலும் இதை இந்தப் பெட்டியில் பிறந்தது என்றுதான் சொல்லுவார்.

ஈரம் காக்கும் இயந்திரத்தின் ரீங்காரம் திடீரென்று கேட்க ஆரம்பித்தது. அவள் சுவரைப் பார்த்தாள். பெரியம்மா தன் விரல் நுனியைப் பார்த்தார். அதில் நேற்றைய பெயிண்ட் எதுவோ மிச்சமிருந்தது.

“சான்றிதழ்ல என்ன எழுதுவ?” என்று பெரியப்பா அவளிடம் கேட்டார்.

“இருக்கிறதை எழுதுவேன், பெரியப்பா. பெட்டி அசல். பதினெட்டு அசல் வரிசையில இருக்கு. ஏழு மாறியிருக்கு.”

“எழுது.”

அதோடு கண்ணாடி அலமாரி போய்விட்டது. அவர் குரலில் அது போன சத்தம் அவளுக்குக் கேட்டது. சங்கத்துக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார். சட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர் எழுந்து பெட்டியை மூடுவார், வீடு போய்ச் சேரும்வரை பெரியம்மாவோடு பேச மாட்டார் என்று அவள் நினைத்தாள். மூடியின்மேல் கை வைக்கவும் செய்தார். வைத்த கை அங்கேயே நின்றது. விரல்கள், அந்த நாற்காலிப் பெண்ணின் பொன் ரேகையைத் தடவிக்கொண்டிருந்தன.

“எப்படி இருந்துச்சு?” என்றார்.

பெரியம்மாவுக்கு முதலில் புரியவில்லை.

“இத்தனை வருஷமா இதைப் பத்திப் படிக்கிறேன். யார் யாரோ எழுதினதைப் படிக்கிறேன். எனக்குத் தெரிஞ்சவங்க யாரும் பிடிச்சதில்ல. நீ சொல்லு. எப்படி இருந்துச்சு?”

பெரியம்மா அவர் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். சொல்ல ஆரம்பித்தார். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு நிறம் கலக்கும்போது சொல்வது போல, இதில் கொஞ்சம் அது, அதில் ஒரு சொட்டு இது என்று. வாயில் முதலில் ஒன்றும் வராது, வெறும் வெதுவெதுப்புதான். அப்புறம் தேவதாரு. பாதி தாண்டினால் வறுத்த காப்பிக்கொட்டை. கடைசியில், சாம்பல் விரலளவு நீண்டு நிற்கும்போது, ஒரு இனிப்பு. சர்க்கரை இல்லாத இனிப்பு. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் நிறுத்தி, அது இடப்பக்கத்ததா வலப்பக்கத்ததா என்று விசாரித்தார். அடர்நிறத்துக்கு இனிப்பு அதிகமாமே, படித்திருக்கிறேன், உண்மையா என்றார். ஆமாம் என்றார் பெரியம்மா, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஓ என்றார் பெரியப்பா. அந்த ஓவில் ஒரு மாணவனின் நிம்மதி இருந்தது. அவள் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காமல் சுவரோரம் நின்றாள். அறை படகு மாதிரி லேசாக ஆடுவதாகத் தோன்றியது. ஈரத்தின் வேலையாக இருக்கும்.

சொல்லி முடித்தபோது பெரியப்பாவின் முகம் கழுவியது போல இருந்தது. கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அது இருந்தது. ஆனால் அதற்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

“இனிமே மாத்தி வைக்காத,” என்றார். “எடுத்தா எடுத்த இடம் காலியா இருக்கட்டும்.”

“காலியா விடக் கூடாது, பெரியப்பா,” என்றாள் அவள். கேட்காமலே பேசிவிட்டது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “பக்கத்துல இருக்கிறது சாஞ்சுடும். ஒண்ணு சாஞ்சா எல்லாம் வடிவம் போயிடும். அதே அளவுக்குத் தேவதாருக் கட்டை வெட்டி வைப்பாங்க. நான் வெட்டித் தரேன்.”

பெரியப்பா பெட்டியைப் பார்த்தார். பெரியம்மாவைப் பார்த்தார்.

“ஒண்ணு போதுமா?” என்று அவள் கேட்டாள்.

“ரெண்டு வெட்டு.”

“உங்களுக்கு ஆகாதே,” என்றார் பெரியம்மா.

“இருமிக்கிறேன்.”

அவள் அலமாரியிலிருந்து தேவதாருக் குச்சி ஒன்றை எடுத்து, சுருட்டின் நீளத்துக்குப் பென்சிலால் கோடு போட்டு, சின்ன வாளால் அறுக்க ஆரம்பித்தாள். இளஞ்சிவப்புத் தூள் கம்பளித் துணிமேல் விழுந்தது. அவளுக்குப் பின்னால் இருவரும் மேலடுக்கின்மேல் குனிந்து, எதை எடுப்பது என்று தணிந்த குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.